மீந்த வாஷர்

காட்பாடி மேம்பாலத்தில்
மூன்றாவது கியருக்கே முனகியது வண்டி.
பின்சீட்டில் மால்டாவிலிருந்து வந்த மூவர்,
மடியில் ஸ்கேன் உறை.
"கீ ஹோலோ?" என்றார் பெரியவர்.
"கிச்சு நா" என்றேன்,
இந்த ஊர் எனக்குக் கற்றுத்தந்த வங்காளத்தில்.
கண்ணாடியில் கறுப்புப் புகை
ரயில் நிலையத்தை அழித்துக்கொண்டிருந்தது.

ஷோரூமில் நாற்பத்தெட்டாயிரம். வரி தனி.
மேல்விஷாரத்தில் நயாஸ் பதினான்கு சொன்னார்,
பழசைத் திருப்பித் தந்தால் பன்னிரண்டு.
கழுவி, தண்டு மாற்றி, பேலன்ஸ் பார்த்த டர்போ.
கூடவே ஒரு சீட்டு:
வளைகோடு, கீழே யாரோ கிறுக்கிய கையெழுத்து.
"மாட்ட ஆறாயிரம் தனி."
"நானே மாட்டிக்கிறேன்."
என் கையைப் பார்த்தார். பிறகு,
"பழசு ஏன் செத்துச்சுன்னு தெரியாம
இதை மாட்டாதீங்க. இதுவும் சாகும்."

ஞாயிறு. சத்துவாச்சாரி, வீட்டுவசதி வாரியத் தெரு.
மே மாத வெயிலில்
ஸ்பானரைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது.
ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்த நட்டுகள் நான்கு.
மூன்று இறங்கின.
நான்காவதுக்கு என் விரல்முட்டியின் தோல் வேண்டியிருந்தது,
கொடுத்தேன்.

எதிர்வீட்டு கருணாகரன் குடையோடு வந்தார்.
"வண்டிக்கு இதுதானே நுரையீரல்?"
ஜெபம் முடிந்து அப்போதுதான் வந்திருந்த பியூலா சொன்னாள்:
"நுரையீரல் நிமிஷத்துக்கு லட்சம் சுத்து சுத்தாது சார்."
அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ்.
உவமைகள் அவளிடம் பிழைப்பதில்லை.

பழசு கையில் வந்தது.
விழப்போகும் பால்பல்போல் தண்டு ஆடியது.
இலைகள் கூட்டையே கடித்திருந்தன.
எண்ணெய் வரும் குழாயைக் கழற்றி
போல்ட்டுக்குள்ளிருந்த சல்லடையை வெயிலில் பிடித்தேன்.
வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை.
கரி. மூன்று நாள் காப்பிச் சக்கையாய் இறுகிய கரி.
பாலாறுபோல
குழாய்க்குப் பெயர் மட்டும் மிச்சம்.

கொலையாளி யாரென்று தெரிந்தது.
பத்தாயிரத்தில் மாற்றவேண்டிய ஆயிலை
பதினெட்டுவரை ஓட்டியவன்.
அது பள்ளிக்கூடம் திறந்த மாதம்,
சின்னவளுக்கு ஷூ, பெரியவனுக்கு ஃபீஸ்
என்று ஒரு வாதம் இருந்தது.
சல்லடையிடம் சொல்லிப் பார்த்தேன்.
கழுவாமல் புதுசு வாங்கினேன், நூற்றெண்பது ரூபாய்.

மாட்டப்போகிறவனின் கூட்டில்
பெயின்ட்டுக்கு அடியில் ஆணிக் கீறல்: ஜா 31.
ஜாகீரா, ஜானகிராமா, ஜாப்ராபேட்டையா?
எந்தச் சரிவில் இது மூச்சுத் திணறியது,
பின்சீட்டில் அன்று யார்?
என்னுடையதையும் நாளை நயாஸ் கழுவுவார்.
ஒரு கீறல் போட்டு அனுப்பலாமா என்று யோசித்து,
வேண்டாமென்று விட்டேன்.

வாயில் எண்ணெய் ஊற்றி விரலால் சுழற்றினேன்.
விரலை எடுத்த பிறகும்
கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
இன்ஜெக்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு
ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டேன், பத்துப் பத்து நொடியாய்,
ஆயில் விளக்கு அணையும்வரை.
பிறகு ஒயர். பிறகு சாவி.

பள்ளிகொண்டா டோல்வரை போய்த் திரும்பினேன்.
மெல்லிய விசில்,
அதன்மேல் முதுகை யாரோ தள்ளுவதுபோல் ஒரு வேகம்.
ஜல்லி லாரியை முந்தினேன்.
அவசியமில்லை. முந்தினேன்.

வீட்டுக்கு வந்து துணியை மடிக்கும்போது
அதில் ஒரு செம்பு வாஷர்.
கிட்டிலேயே ஒன்று அதிகமா,
எங்கேயோ ஒன்று குறைவா?
பியூலா அதை உள்ளங்கையில் புரட்டினாள்.
"எங்களுக்குக் குறைஞ்சா பயம்.
உங்களுக்கு மிஞ்சினா பயம்."
வெள்ளரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்துவிட்டுப் படுத்தேன்.
இரண்டு முறை எழுந்து டார்ச் அடித்தேன்.
நாலரைக்கு, மால்டாக்காரர்களின் ரயிலுக்குமுன்,
தாளை இழுத்துப் பார்த்தேன்.
எண்ணெய் இல்லை.
தங்கம் விலைமேல்
ஒரு பூனையின் கால்தடம் மட்டும்.

வாஷர் சட்டைப்பையில்.
மேம்பாலம் ஏறும்போது அதைத் தொட்டுக்கொண்டேன்,
நான்காவது கியரில்.